எயார்பாக் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: யாழ்ப்பாணத்தில் எனக்கு நடந்தது

ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த, 2000க்குப் பிறகும் 2015க்கு முன்னும் செய்யப்பட்ட கார் உங்களிடம் இருக்கிறதா? தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். அதன் எயார்பாக்கை மாற்றித் தருவதாக யாராவது உங்களிடம் காசு வாங்கியிருந்தால் இன்றைக்கே வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜுக்கு நான் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதற்குக் கிடைத்தது, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு ஸ்டியரிங் மூடி. அந்த மூடிக்குள் எயார்பாக் இல்லை என்பதைக் காரே கண்டுபிடிக்காதபடி ஒரு சின்னச் சாமானையும் செருகிவிட்டிருந்தார்கள். அப்படியே பல மாதம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பார்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பனி உலகம் முழுக்கக் கார்க் கம்பனிகளுக்கு எயார்பாக் செய்து கொடுத்தது. கார் மோதியவுடன் பையை ஊத வைக்கும் உலோகக் குப்பியைத்தான் இன்ஃப்ளேட்டர் என்கிறார்கள். அதற்குள் தகாட்டா போட்டது அமோனியம் நைத்திரேற்று. பகல் சூடு, இரவுக் குளிர்ச்சி, காற்றில் ஈரம் என்று வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டால், ஈரத்தில் கிடந்த மாத்திரை உதிர்வதுபோல அது உள்ளுக்குள் உடைந்துபோகிறது. அப்புறம் மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குப்பியையே வெடிக்க வைத்து, உலோகத் துண்டுகளைப் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் அனுப்புகிறது. 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். அது அதிவேக விபத்து இல்லை. சாதாரண மோதலில் வந்த துண்டு உயிரை எடுத்தது.

உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 கோடி 70 இலட்சம். தகாட்டா 2017இல் வங்குரோத்தானது. அவ்வளவு புதுப் பார்ட்டையும் செய்து கொடுக்க உலகத்தில் தொழிற்சாலைகள் போதவில்லை. 2014இல் டொயோட்டா, மாற்றுப் பார்ட் கையில் இல்லாத இடத்தில் பயணி பக்க எயார்பாக்கைச் செயலிழக்கச் செய்து, அந்த இருக்கையில் யாரும் இருக்க வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டும் நிலை அமெரிக்காவில் வந்தது. பல கார்களுக்கு முதலில் அதே வகை இன்ஃப்ளேட்டரையே புதிதாகப் போட்டு, பிறகு இன்னொரு தடவை அழைத்து மாற்றினார்கள். ஆபத்து எங்கே கூடுதலோ அங்கே முதலில் என்று, வெப்பமும் ஈரமும் கூடிய புளோரிடா போன்ற மாநிலங்களை வரிசையில் முன்னுக்கு வைத்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலையும் கடற்காற்றையும் நினைத்துப் பாருங்கள். நம்முடைய கார்கள் எந்த வரிசையிலும் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்றால், திருத்தம் செய்யச் சொல்லும் கடிதம் பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். ரீகண்டிஷன் கார் ஜப்பானில் பதிவு நீக்கப்பட்டுக் கப்பல் ஏறிவிட்டால், அதை இங்கே யார் ஓட்டுகிறார் என்று தயாரித்த கம்பனிக்குத் தெரியாது. 2018இல் இருந்து ஜப்பானில் ஆபத்துக் கூடிய தகாட்டா இன்ஃப்ளேட்டர் மாற்றாத வாகனங்கள் அங்கத்தைய வாகனப் பரிசோதனையில் தேறாது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அதற்கு முன்பே இங்கே வந்து இறங்கிய கார்களை யார் பார்ப்பது?

எனக்கு விஷயம் தெரிய வந்தது சிட்னியில் இருக்கும் தங்கையால். 2018இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் தகாட்டா எயார்பாக்குகளைக் கட்டாயமாகத் திருப்பி அழைத்தபோது, அவளுடைய காருக்கும் கடிதம் வந்தது. அதே மொடல் கார்தான் எனக்கும். "அக்கா, உங்கட காரையும் ஒருக்காப் பாருங்கோ" என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு 17 எழுத்துகள் கொண்ட நீண்ட இலக்கம் இருக்காது. மொடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவுதான். வாகனப் புத்தகத்தில் செசி நம்பர் என்று இருப்பது அதுதான். அமெரிக்க அரசாங்கத்தின் தேடல் பக்கத்தில் அதைப் போட்டால் ஒன்றும் வராது. வரவில்லை என்றவுடன் கார் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கார்க் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், போன் மொழிபெயர்ப்பே போதும். எனது காருக்கு ஓட்டுநர் பக்கமும் பயணி பக்கமும் இரண்டுமே மாற்றப்படவில்லை என்று வந்தது.

கொழும்பில் உள்ள, அந்தக் கார்க் கம்பனியின் ஏஜென்ட்டிடம் கேட்டேன். நாங்கள் இறக்கிய வாகனம் இல்லையே என்றார்கள் முதலில். விடாமல் கேட்டபிறகு பெயரை எழுதிக்கொண்டார்கள். பார்ட் வந்தால் அழைப்போம் என்றார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் நாட்டில் டொலரே இல்லை. கொழும்பில் பழைய கார்ப் பார்ட் விற்கும் பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தால், உடைத்த காரில் கழற்றிய எயார்பாக் இருக்கிறது என்கிறார்கள். அதே தகாட்டா, அதே வயது. அதை வாங்கிப் போடுவதில் அர்த்தமே இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கராஜ். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர், நல்ல மரியாதையான பேச்சு. "டீச்சர், இது ஜப்பான் ஒரிஜினல். கொழும்பில கூட ஆருக்கும் கிடைக்காது. எங்கட ஆள் ஒருத்தர் எடுத்துத் தாறார். ரெண்டு பக்கமும் மாத்தித் தருவம்" என்றார். பெட்டியையும் காட்டினார். கார் கம்பனியின் அடையாளம் போட்ட பெட்டிதான். ஒரு நாள் காரை விடச் சொன்னார். பின்னேரம் எடுக்கப் போனபோது சாவியைப் போட்டு, மீட்டரில் எயார்பாக் லைட் எரிந்து அணைவதைக் காட்டினார். பழைய சாமானைக் கேட்டேன். அது ஆபத்தான சாமான், வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே அப்புறப்படுத்திவிட்டதாகச் சொன்னார். அந்தக் காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. அதனால்தான் இந்தப் பித்தலாட்டம் இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

சில மாதம் கழித்து ஹோர்ன் வேலை செய்யவில்லை. சுன்னாகத்தில் ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். எயார்பாக் இருக்கிற இடத்தில் அவசரப்படக் கூடாது என்றார். பிறகு ஸ்டியரிங் நடு மூடியை மெல்ல எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் உலோகக் குப்பி இருக்க வேண்டிய வட்டம் வெறுமையாக இருந்தது. மஞ்சள் கனெக்டரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்பை உரித்தால் உள்ளே மின்தடைக்குப் போடும் ஒரு ரெசிஸ்டர், விரல் நகத்தை விடச் சிறியது. அதன் நிறக் கோடுகளைப் பார்த்துவிட்டு "ரெண்டு ஓம்" என்றார்.

அது என்ன செய்கிறது என்று அவர்தான் விளக்கினார். எயார்பாக்கைக் கட்டுப்படுத்தும் கணினி, கம்பி வழியே மின்தடை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். நல்ல எயார்பாக்குக்கு ஏறக்குறைய அதே இரண்டு ஓம்தான் இருக்கும். ஆகவே ரெசிஸ்டரைச் செருகினால் கணினி எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளும். சாவி போட்டதும் லைட் வழக்கம்போல எரிந்து அணையும். ஸ்கேனர் போட்டுப் பார்த்தாலும் பிழை காட்டாது. எனக்குக் காட்டிய லைட் சோதனையின் பெறுமதி அவ்வளவுதான்.

பயணி பக்கம் இன்னும் மோசம். டாஷ்போர்ட்டின் கீழால் டோர்ச் அடித்துக் காட்டினார். எயார்பாக்கைப் பிடித்திருக்கும் நட்டுகளில் தொழிற்சாலையில் முறுக்கிய பிறகு போடும் பெயின்ற் கோடு, நட்டிலும் தகட்டிலும் நேராக, அசையாமல் அப்படியே இருந்தது. தூசியும் கலையவில்லை. யாரும் அதில் கையே வைக்கவில்லை. வெடிக்கக்கூடிய பழைய தகாட்டா அங்கேயே இருக்கிறது. நானோ அது புதிது என்று நம்பி, அதுவரை பின்னால் இருந்த மகளை முன் சீட்டில் இருக்க விட்டிருந்தேன். காசு போனதை விட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டபோது அந்த மரியாதைப் பேச்சு இல்லை. "லைட் எரியேல்லைத்தானே டீச்சர், பிறகென்ன?" என்றார். பாஸ் எடுத்துத் தந்த படங்களைக் காட்டியதும், அவர்தான் கழற்றியிருப்பார் என்று பழியை அவர்மேல் போட்டார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபிறகு பாதிக் காசு வந்தது. மிச்சம் இன்னும் வரவில்லை. எனது பழைய இன்ஃப்ளேட்டர் எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அது இன்னொருவருடைய ஸ்டியரிங்கில் இருக்கலாம் என்பதுதான் எனது பயம், இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்குத் தெரியவந்தபோது அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே சந்தேகம் இருந்தால் ஹோர்ன் பழுதாகும் வரை காத்திருக்க வேண்டாம். வேறு ஒரு கராஜில், எயார்பாக் வேலை தெரிந்தவரைக் கொண்டு, இப்போதே திறந்து பாருங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள். மல்டிமீட்டரை எயார்பாக்கில் நேராக வைக்கவே கூடாது, அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கக்கூடும்.

இணையத்தில் விற்கும் மலிவு இன்ஃப்ளேட்டர்களையும் தொடாதீர்கள். தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று 2024இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனமே எச்சரித்தது. தட்டுப்பாடு இருக்கும் இடமெல்லாம் இந்த வியாபாரம் வந்துவிடுகிறது.

கடைசியில் ஏஜென்ட்டிடம் இருந்தே ஓட்டுநர் பக்க இன்ஃப்ளேட்டர் வந்தது. இந்தத் திருத்தத்துக்கு அவர்கள் காசு கேட்கவில்லை. ஆனால் காணாமல் போன பாகங்களுக்கு நான்தான் கட்ட வேண்டியிருந்தது. உண்மையான வேலை எப்படி இருக்கும் என்று அங்கேதான் பார்த்தேன். வேலைத் தாளில் எனது செசி நம்பர், பார்ட் நம்பர், புது இன்ஃப்ளேட்டரின் தொடர் இலக்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். பழையதைக் கேட்டார்கள், இல்லை என்றதும் அதையும் எழுதினார்கள். பயணி பக்கத்துக்கு இன்னும் பார்ட் வரவில்லை. அதுவரை முன் சீட்டில் யாரும் இல்லை, மகள் மறுபடியும் பின்னால்தான்.

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இப்படி எயார்பாக் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் "எயார்பாக் வேலை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. தொடர் இலக்கம் எதுவும் இல்லாமல் உங்களுடையதிலும் அப்படியே இருந்தால், ஸ்டியரிங்கைத் திறந்து பார்க்கும் வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.