பாளை பந்துக்கடை: ஹேண்ட்பால் வாங்க, தைக்கப் போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் போய் "கைப்பந்து வேணும்" என்று கேட்டால் வாலிபாலை எடுத்து நீட்டுவார்கள். அவர்கள் தப்பு இல்லை, நம்ம பக்கம் கைப்பந்து என்றாலே எல்லோருக்கும் வாலிபால்தான்; பத்து வருஷத்துக்கு மேல் ஹேண்ட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம், ஆடிய என்னையே என் மாமனார் "மாப்பிள்ளை வாலிபால் பிளேயர்" என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதனால் ஹேண்ட்பால் என்றே கேளுங்கள். கடைப் பெயரைத் தேடவேண்டாம், பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் யாரிடம் கேட்டாலும் பந்துக்கடை என்றால் அது இருக்கிற சந்துப் பக்கம் கைகாட்டிவிடுவார்கள்.

நான் போனது ஆன்லைனில் ஏமாந்த பிறகு. மகள் ஒன்பதாம் வகுப்பு, ஸ்கூல் டீமில் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறாள். 2-ஆம் சைஸ் என்று போட்டிருந்த பந்தை ஆர்டர் போட்டேன், பெட்டியைப் பிரித்ததுமே சந்தேகம், வீட்டில் தையல் மிஷின் டிராயரில் கிடந்த டேப்பைச் சுற்றி அளந்தால் 58 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அது ஆண்கள் ஆடுகிற 3-ஆம் சைஸ். பெண்களுக்கான பந்து சுற்றளவு 54-லிருந்து 56 சென்டிமீட்டர், எடை 325-லிருந்து 375 கிராம். மூணு நாலு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் இது ஒற்றைக் கையால் கவ்விப் பிடித்து, எகிறி, அந்தரத்தில் இருக்கும்போதே கோல்கீப்பரைப் பார்த்து இடம் மாற்றி அடிக்கிற பந்து. பந்து விரலுக்குள் நிற்காவிட்டால் அந்தப் பிள்ளை கோலை நோக்கித் திரும்பவே திரும்பாது, கடைசிவரை பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, கடைக்கு வருவோம். அண்ணாச்சி என்ன கம்பெனி வேண்டும், எவ்வளவுக்குள் வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு பந்தை மேஜையில் வைத்து, "பாப்பா, மேல இருந்து ஒத்தக் கையால தூக்கு" என்றார். தூக்கினாள். "அப்படியே கைய நீட்டி ஆட்டு." மூணாவது ஆட்டில் விழுந்துவிட்டது. அடுத்த பந்தை எடுப்பார் என்று பார்த்தால், அதே பந்தில் ஊசியைச் செருகிக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மறுபடி சொட்டு இறக்கினார். "இப்ப ஆட்டு." நின்றது. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே காசைக் கொடுத்துவிடலாம். "வாலிபால் மாதிரி கல்லாட்டம் காத்து ஏத்திப் போடுதாங்க தம்பி, அப்புறம் பிள்ளைக்குக் கை சின்னதுங்காங்க" என்றார் அண்ணாச்சி. பந்து 850 ரூபாய், கையால் தைத்தது, நாலு மாதம் செம்மண்ணில் அடிபட்டும் ஒரு தையல்கூட விடவில்லை.

இந்தப் பிடி விஷயத்தை நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஆடுகிறவர்கள் விரலில் ஒருவிதப் பிசின் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள், பந்து கையோடு ஒட்டிக்கொண்டு வரும். காலேஜில் படிக்கும்போது இதைக் கேள்விப்பட்டு நாங்களும் கருவேலம் பிசினைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக்கொண்டு இறங்கினோம். முதல் ஐந்து நிமிஷம் பிரமாதம். அப்புறம் பாளை மண் முழுவதும் பந்தில் ஏறி, கீப்பராக நின்றவன் பந்தைப் பிடிக்க மாட்டேன் என்று கோலை விட்டே வெளியே போய்விட்டான்.

நிக்கோலா கராபாட்டிச் என்று ஒரு ஹேண்ட்பால் வீரர், பிரான்ஸ்காரர், எனக்கும் அவருக்கும் ஒரே வயது, இரண்டு பேரும் 1984. மோன்பெலியே, கீல், பார்சிலோனா, பாரிஸ் என்று பெரிய கிளப்புகளில் ஆடி, 2008, 2012, டோக்கியோ என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கி, உலகின் சிறந்த வீரர் விருதையும் மூன்று முறை வாங்கி, நாற்பது வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நிறுத்தினார். நான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி, அப்புறம் ஸ்டேட் கேம்ப், ஒரு வேலைக்கான டிரயலில் இரண்டு பேர் எடுத்தார்கள், நான் மூணாவது. இருபத்தேழில் தோள்பட்டை போய்விட்டது, இப்போதும் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சட்டை மாட்டினால் ஒரு சத்தம் வரும். இப்போது தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, எங்கள் காலத்தில் அது கிடையாது. 2023-இல் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்ததே, ஆறு அணி, தமிழ்நாட்டுப் பெயரில் ஒன்றுகூட இல்லை, அப்படியும் ஒரு மேட்ச் விடாமல் பார்த்தேன்.

பாரிஸ் காலிறுதியில் பிரான்ஸ் தோற்ற மறுநாள், என் பழைய பந்துக்கு பிளாடர் (உள்ளே காற்று நிற்கிற பை) மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி தைத்துக்கொண்டிருக்க மொபைலில் அந்தக் கடைசி நொடிகளைக் காட்டினேன். சில நொடிகள்தான் பாக்கி, பிரான்ஸ் ஒரு கோல் முன்னால், பந்தும் அவர்கள் கையில். ஒரே ஒரு பாஸ், ஜெர்மனிக்காரன் நடுவில் புகுந்து வெட்டிக்கொண்டான், கோல், 29-29. எக்ஸ்ட்ரா டைமில் 35-34 என்று ஜெர்மனி ஜெயிக்க, கராபாட்டிச்சின் ஆட்டம் அதோடு முடிந்தது. அண்ணாச்சி ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார், "பந்து வழுக்கிட்டோ?" இல்லை அண்ணாச்சி, வெட்டிட்டான் என்றேன். "பிறகென்ன" என்று மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். பந்து மேல் தப்பு இல்லை என்றால் அவருக்கு அதற்குமேல் கவலை கிடையாது.

தையல் வேலைக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். வால்வு பக்கத்தில் தையலைப் பிரித்து, பழைய பிளாடரை உருவிவிட்டுப் புதிதை நுழைத்து, மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி கோத்து எதிரும் புதிருமாக இழுத்துக் கட்டுகிறார், முடிச்சு உள்ளே போய்விடும், கையில் தட்டுப்படாது. என்னிடம் 180 ரூபாய் வாங்கினார். ஒட்டிச் செய்த பந்தைக் கொண்டுபோனால் "இது பிரிச்சா சேராது, காசைக் கரியாக்காதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார், ஆன்லைனில் வந்த என் பந்துக்கும் அதே பதில்தான்.

குறைகளும் இருக்கின்றன. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார், பி.டி. சார் அதை ஸ்கூல் ஆபீசில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், ஸ்கூல் கணக்கில் வாங்குகிறவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள். ஷூ பக்கமே போகாதீர்கள், இருப்பதெல்லாம் ஓடுகிற ஷூ, பக்கவாட்டில் வெட்டித் திரும்பினால் கணுக்கால் மடங்கிவிடும். ஹேண்ட்பால் எப்போதும் மூணு நாலுதான் ஸ்டாக், கிரிக்கெட் பேட்டுக்குப் பின்னால் சாக்கில் கிடக்கும், கேட்டால்தான் எடுப்பார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே தூங்குகிறார், தட்டாதீர்கள். ஜோனல் மேட்ச் சீசனில் எல்லா ஸ்கூல் பந்தும் அங்கேதான் குவியும், அப்போது அவர் சொல்கிற கிழமையை நம்பவே கூடாது.

என் பழைய பந்தில் இப்போது இன்னொரு பக்கம் தையல் விட்டிருக்கிறது. போன வாரம் கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை வா என்றார். வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.