மாணவர்கள் தங்கிப்போன வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவந்து, மதுரையில் சில வாரம் மொழி படிக்கவைத்து, பிறகு ஊர்களில் ஒரு குடும்பத்தோடு தங்கவைக்கும் நிறுவனம் ஒன்றோடு எங்கள் வீட்டுக்குச் சில ஆண்டுகளாகத் தொடர்பு. கிளம்பும்போது ஒவ்வொரு மாணவரும் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்புகிறார். அறை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டார் அன்பாக நடந்துகொண்டார்களா என்று அதில் பக்கம் பக்கமாகக் கேள்விகள். வீட்டாருக்கு அப்படி ஒரு படிவம் கிடையாது. கேட்டுப் பார்த்தேன், “பரிசீலிக்கிறோம்” என்றார்கள். அதனால் என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குமரி மாவட்டத்தில் மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பங்கள் எந்த நிறுவனத்திடமும் இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே, கடலை ஒட்டியது. நான் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மகன் குவைத்தில், மகள் மார்த்தாண்டத்தில். மாடியில் இரண்டு அறைகளும் தனிக் குளியலறையும் சும்மா கிடந்தன.

நல்லதை முதலில் சொல்கிறேன். பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வரும்போதே பஸ்ஸின் முகப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். மதுரையில் கற்ற தமிழ் எங்கள் கடற்கரைப் பேச்சின் வேகத்துக்கு முதலில் ஈடுகொடுக்காது. ஒரு வாரத்தில் காது பழகிவிடுகிறது. மதுரையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் பெண் இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பார். ஒரு மாணவிக்குக் காய்ச்சல் கண்டபோது நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே அங்கே பேசி வைத்திருந்தார்.

அரசுக் காரியத்திலும் அவர்கள் உதவி பெரிது. வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். சி படிவம் என்று சொல்லிவந்தார்களே, அதுதான். ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது பொருந்தும். பாஸ்போர்ட், விசா விவரங்களைச் சரியாகப் பதிவேற்றுவதற்கு அந்த ஒருங்கிணைப்பாளர் போனிலேயே படிப்படியாகச் சொல்லித்தந்தார். பணமும் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்துவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய், முட்டைகூடத் தொடாத பெண் ஒருத்தியை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடலோர வீட்டுக்கா இப்படி ஒருத்தி என்று ஊரில் கவலைப்பட்டார்கள். நம் அடுக்களையில் தேங்காயும் தேங்காயெண்ணெயும் இருக்கும்போது நெய்க்கும் பாலுக்கும் என்ன அவசியம்? மரச்சீனிக்கிழங்கு அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, பயறும் கஞ்சியும், புட்டும் மட்டிப்பழமும், தேங்காய்ப்பால் விட்ட காய்கறிக் குழம்பு என்று மாறி மாறிச் செய்தேன். அந்தப் பெண் ஒருநாளும் பசியோடு எழுந்ததில்லை.

இந்தப் படிப்பின் உண்மையான பலனை நான் கண்டது பக்கத்து வீட்டு முற்றத்தில்தான். அங்கே இருக்கும் அக்கா மீன் விற்பவர். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, நான்கைந்து பெண்களோடு ஆட்டோ பிடித்துத் திங்கள்சந்தைக்குப் போவார். விற்றது போக மிஞ்சிய நெத்தோலியைப் பிற்பகல் முற்றத்தில் உட்கார்ந்து நுள்ளுவார், அதாவது கையால் கிள்ளிச் சுத்தம்செய்வார். அமெரிக்க மாணவி ஒருத்தி முதல் நாள் தள்ளி நின்று படம் எடுத்தாள். இரண்டாம் நாள் படம் எடுக்காமல் பக்கத்தில் குந்தினாள். நெத்தோலிக்குக் கத்தி தேவையில்லை. கட்டைவிரல் நகத்தைச் செவுளுக்குக் கீழே கொடுத்துக் கிள்ளி இழுத்தால் தலையோடு குடலும் கூடவே வரும். அழுத்தினால் வயிறு பிய்ந்துவிடும். தயங்கினால் குடல் உள்ளே நின்றுவிடும். அவள் நுள்ளிய முதல் மீன்களை அக்கா ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பூனைக்குப் போட்டார். பிறகு அவள் விரலைத் தன் விரலால் பிடித்து, “மக்களே, இங்கே வை, இப்படி இழு” என்று காட்டினார். ஒரு வாரத்தில் அவள் சட்டி நிறைய நுள்ளினாள். விரல் நுனியெல்லாம் மீன்முள் கீறல். அந்த முற்றத்தில்தான் அவளுக்கு ஏலக் கணக்கும் வட்டிக் கணக்கும் தெரியவந்தன. கரையில் விலை யார் சொல்கிறார்கள், கடன் கொடுத்தவருக்கு முதல் உரிமை எப்படி வருகிறது, மழை பிடித்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதெல்லாம் வேலையோடு வேலையாகப் பேச்சில் வந்தன. கேள்வித்தாள் நீட்டிக் கேட்டிருந்தால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வித்தாளுக்கு வருகிறேன். என் பெரிய மனக்குறை இதில்தான். மாணவர்கள் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஒரு குழு, 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலைப் பற்றிக் கேட்க வந்தது. அந்தப் புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று நம் மேற்குக் கரை நெடுக உண்டு. எங்கள் ஊரிலும் உண்டு. உடல் கிடைக்காததால் கல்லறை இல்லாத வீடுகள். அப்படி ஒரு வீட்டில் தாளைப் பிரித்து, “உங்கள் துயரத்தை ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணால் சொல்லுங்கள்” என்று ஒரு பையன் மனப்பாடமாகக் கேட்டான். அந்த வீட்டுத் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, “டீச்சர், இதற்கு நான் என்ன எண் சொல்ல?” என்றாள். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாளை மடித்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுப் பிள்ளை. அந்தக் கேள்வியைப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்ட பேராசிரியர்மேலும், ஊருக்குள் அனுப்புமுன் ஊர்க்காரர் ஒருவரிடமாவது காட்ட நினைக்காத நிறுவனத்தின்மேலும் கோபம் இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே, கேள்விகள் தமிழில் எழுதப்பட்டு முன்கூட்டியே வீட்டாரிடமோ கோயில் பங்குப் பேரவையிடமோ வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

எழுதி முடித்த ஆய்வுகள் எங்கே போகின்றன? எங்கள் கடனையும் கண்ணீரையும் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ பக்கம் எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் படிப்பகத்துக்கு அதில் ஒரு தாள்கூட நிறுவனத்தின் வழியாக வந்ததில்லை. நெதர்லாந்து மாணவன் ஒருவன் மட்டும் தானாகவே தன் கட்டுரையைச் சுருக்கித் தமிழில் எழுதி அனுப்பினான். பிழைகள் இருந்தன, நான் திருத்திப் படிப்பகத்தில் வைத்தேன். பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள். நிறுவனம் மனம் வைத்தால் எல்லோரையும் இப்படிச் செய்யவைக்க முடியும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

அந்த நெதர்லாந்துப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம். குளச்சலில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்த்த பிறகுதான் 1741-இல் அவன் நாட்டு டச்சுக் கம்பெனிப் படை இங்கே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது அவனுக்குத் தெரியும். பள்ளியில் இதைப் படித்த நினைவே இல்லை என்றான். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு அவனைக் கூட்டிப்போனேன். அந்தப் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். தமிழை அவன் விரல் வைத்து எழுத்துக்கூட்டினான். எங்களுக்கு டிலனாய் வரலாற்றுப் பாடத்தில் மட்டும் வருகிறவர் அல்ல. 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்துக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் என்றுதான் வீட்டில் சின்னப்பிள்ளை முதல் கேட்டு வளர்கிறோம். அதைச் சொன்னபோது அவன் வெகுநேரம் கேள்வி கேட்டான். மூன்று நூற்றாண்டுத் தொடர்பு வாசலில் இருக்கும்போது நிறுவனம் தருகிற ஊர்க்குறிப்பில் கன்னியாகுமரி சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் மட்டுமே இருப்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று, காலம். கோடை விடுமுறை அவர்களுக்கு வசதி என்பதால் ஜூனில் ஒரு குழுவை அனுப்புகிறார்கள். தலைப்பு: மீன்பிடித் தொழில். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை; மீன் பெருகும் காலம் அது. குளச்சல் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். வள்ளங்கள் என்கிற நாட்டுப்படகுகள் போகலாம் என்றாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பல நாள் விடாது. தொழில் படிக்க வந்தவர்கள் ஜன்னலோரம் இருந்து மழை பார்த்தார்கள். வருமானம் நின்ற காலத்தில் வீட்டுக்கு வீடு போய் வருமானத்தைக் கேட்பது கேட்கிறவருக்கும் சங்கடம், சொல்கிறவருக்கும் சங்கடம். கடலோரத்துக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. கடல் அமைதியாக இருக்கும், கரமடி என்கிற கரைவலையை இழுப்பதைக் கண்ணால் பார்க்கலாம், கயிற்றில் கைவைக்கவும் விடுவார்கள்.

வீட்டாருக்கான கையேடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்குச் சமாளிக்க முடிகிறது. மாணவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய மற்ற பெண்கள் அந்த ஒரு காரணத்தாலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். வாய்ப்பு திரும்பத் திரும்ப என்னைப் போன்ற ஆசிரியர் வீடுகளுக்கே வருகிறது. நெத்தோலி நுள்ளக் கற்றுக்கொடுத்த அக்கா வீட்டில் ஒரு மாணவி தங்கினால் எவ்வளவு கற்பாள்! ஒரு கழிவறை கட்ட முன்பணம் கொடுத்து, கையேட்டைத் தமிழில் அச்சடித்தால் முடிகிற காரியம்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் ஐந்து. தனிக் கழிவறையும், பேசிக்கொண்டே வேலை செய்யும் பழக்கமும் உள்ள வீடுகள் தயங்காமல் சேரலாம். பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். சமையலுக்கும் கூடவே அலைவதற்கும் அது சரியாகிவிடும்.

ஒருங்கிணைப்பாளருக்கு நான் சொன்னவற்றையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ஜூன் குழுவுக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன். ஜனவரி குழுவுக்கு மாடி அறை இருக்கிறது. குளிக்க வரும் தண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கும், குடிநீர் தனி. வருகிறவர்களிடம் அதையும் முன்னமே சொல்லிவிடட்டும்.