சூப்பர் ஃபோர் ஃபோர்க் பைப் நிமித்துன கதை, உபி ஒர்க்ஷாப் ரிவியூ

டிசம்பர் மழையில சிங்கப்பூர் மண்டாய் ரோட்டுல பைக்க ஒரு வேனுக்குப் பின்னாடி போய் முட்டிட்டேன். மெதுவாதான், ஆளுக்கு ஒண்ணும் ஆகல, வண்டியும் பாக்க நல்லாதான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் ஹேண்டில நேரா பிடிச்சா இடது பக்கம் இழுக்குது, முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கற ரெண்டு ஃபோர்க்ல வலது பக்கத்துல ஆயில் வேற வழியுது. ஹோண்டா சூப்பர் ஃபோர், சிஓஇ (இங்க வண்டி வெச்சுக்க எடுக்கற அனுமதி) புதுப்பிச்சு ஓட்டுறேன், ஸ்கிராப்புக்கு விடவும் மனசு வரல.

முதல்ல வீட்டுப் பக்கத்துல ஒரு கடைக்குப் போனேன். ஆயில் சீல் (ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையம்) மாத்துனாங்க, மூணே வாரத்துல திரும்ப ஒழுகுது, மறுபடி போனா "சீல் குவாலிட்டி அப்படி"ன்னு சொல்லி இன்னொரு சீல். ரெண்டு தடவைக்கும் சேத்து 180 வெள்ளி. ஆயில் பிரேக் காலிப்பர் மேலயே வழியுது, பிரேக் டிஸ்க்ல பட்டா என்ன ஆகும்னு ஒருத்தரும் வாயத் திறக்கல.

ஜோகூர் பாருலேருந்து தினம் வர்ற ஃப்ரெண்டு ஒருத்தன்தான் உபிங்கற ஏரியாவுல இருக்கற இந்தக் கடைக்கு அனுப்புனான். ஒரு சீன அங்கிள், கூட ஒரு மலேசியத் தமிழ் அண்ணே, அவ்ளோதான் கடை. கடைப் பேரு இங்க போடல, இருக்கற வேலையே ஜாஸ்தி, போட வேணாம்னு அங்கிளே சொல்லிட்டாரு.

அங்கிள் உடனே பைப்பக் கழட்டல. பைப்பப் பிடிச்சிருக்கற கிளாம்ப் போல்ட்டையும் சக்கர ஆக்ஸிலையும் லூஸ் பண்ணி முன்னாடி நாலு தடவ அமுக்கிப் பாத்தாரு. "முட்டுனதுல சில நேரம் பைப் வளையாது தம்பி, கிளாம்ப்ல முறுக்கிக்கிட்டு நிக்கும், லூஸ் பண்ணா தானா சரியாயிடும்"னு அண்ணே சொன்னாரு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல.

கழட்டி வி-பிளாக்ல (பைப் உருளாம உக்கார்ற வி வடிவக் கட்ட) வெச்சு, வளைவ முள்ளுல காட்டுற டயல் கேஜ் மாட்டி சுத்துனாங்க, இடது பைப்ல முள்ளு 0.7 மில்லிமீட்டர் ஆடுது. அதுல பாதிதான் உண்மையான வளைவு, 0.35, ஹோண்டா லிமிட்டே 0.20தான். சூடு பண்ணாம ஹைட்ராலிக் பிரஸ்லயே கொஞ்சம் கொஞ்சமா தள்ளுறாரு, பைப் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வருது, அதனால நேருக்கு மேல ஒரு துளி தள்ளணும், விடணும், சுத்திப் பாக்கணும், திரும்ப தள்ளணும், நான் கோப்பி வாங்கிக் குடிச்சு முடிச்சு வந்தும் அதேதான் நடக்குது. கடைசியில முள்ளு 0.1கூட ஆடல. மடிப்பு விழுந்த பைப்பத் தொடவே மாட்டாராம், நிமித்துன பைப் திரும்ப வளைஞ்சாலும் குப்பைதானாம்.

வலது பைப்புதான் ஒழுகலுக்குக் காரணம். வளைவே இல்ல, ஆனா சீல் ஏறி இறங்குற இடத்துல குரோம்ல பொடிப்பொடியா துருக் குழி. அண்ணே என் விரலப் பிடிச்சு நகத்தால தடவச் சொன்னாரு, நகம் தட்டுது. நகமே தட்டுனா சீல் உதடு என்ன ஆகும், எத்தன புது சீல் போட்டாலும் அது அறுத்துடும். முதல் கடையில இத ஒருத்தர்கூட தடவிப் பாக்கலன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. பழைய குரோம எடுத்து, கிரைண்ட் பண்ணி, ஹார்டு குரோம் ஏத்தி, திரும்ப 41 மில்லிமீட்டருக்கே கிரைண்ட் பண்ணணும், அத வெளிய அனுப்புனாங்க. திரும்பி வந்ததும் மைக்ரோமீட்டர வெச்சு மேல நடுவுல கீழன்னு அங்கிள் அளந்து பாத்தாரு.

பைப் வழுக்கி ஏறி இறங்கறதுக்கு உள்ள இருக்கற புஷ் வளையத்துலயும் டெஃப்லான் தேஞ்சு செம்பு தெரிஞ்சுது, அதையும் மாத்துனாங்க. ஸ்பிரிங் இல்லாம, பைப்ப முழுசா கீழ அமுக்கி, ரெண்டு பக்கமும் ஆயில் லெவல் ஒரே அளவான்னு பாத்துதான் மூடுனாங்க. மொத்தம் 380 வெள்ளி. ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு சொட்டு இல்ல, பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஹேண்டில்லேருந்து கை விட்டாலும் (விடாதீங்க) நேரா போகுது.

குறையும் இருக்கு. "ஃபோர் டேஸ் லா"ன்னாரு, ஒன்பது நாள் ஆச்சு, அதுவரைக்கும் பஸ்லதான் வேலைக்குப் போனேன். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழும், பதில் வராது. தூசி உள்ள போகாம தடுக்கற டஸ்ட் சீல் பழசையே மாட்டிட்டாரு, கேட்டா "ஸ்டில் கேன் லா"ங்கறாரு. எனக்கு என்னமோ அதுல வெடிப்பு விட்ட மாதிரி தெரியுது, அடுத்த சனிக்கிழமை போய் மாத்திட்டு வரணும்.