இரண்டாயிரம், முப்பதாயிரம், ஒன்றரை லட்சம்: மூன்று ஹெட்போனில் ஒரே பாட்டு

நண்பர் ஒருவர் மூன்று வாரம் வெளிநாடு போனபோது தன் சென்ஹைசர் எச்டி 800 எஸ் ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சும்மா பெட்டிக்குள்ள கிடக்கறதுக்கு நீயாவது கேளு" என்றார். ஒன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றி விலை போகிற பொருள். 2016-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 டாலர். என்னிடம் ஏழு வருடமாக அதே கம்பெனியின் எச்டி 600 இருக்கிறது, அது முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். பஸ்ஸில் கேட்க மூன்டிராப் சூ 2 என்று ஒரு இயர்போன், காதுக்குள் செருகுகிற வகை, விலை இரண்டாயிரம்தான். ஆக ஒரு படி பதினைந்து மடங்கு, அடுத்த படி அதற்கும் ஐந்து மடங்கு. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, தினமும் ராத்திரி ஒன்றரை மணி நேரம், ஒரே பாட்டுகளை மாற்றி மாற்றிக் கேட்டேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குப் போனது எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் தெரிந்தது. முப்பதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குப் போனது சில பதிவுகளில் மட்டும், அதுவும் வீடு அமைதியாக இருக்கும்போது மட்டும் தெரிந்தது. அந்தச் சில பதிவுகள்தான் உங்கள் உயிர் என்றால் மேலே படியுங்கள், உங்களுக்கு அது வாங்க வேண்டிய பொருளாகவே இருக்கலாம்.

ஒப்பிடும்போது நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஒரே விதி, சத்த அளவு சமமாக இருக்க வேண்டும் என்பது. இரண்டில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தாலே நம் காது அதைத்தான் தெளிவு, ஆழம், உயிரோட்டம் என்றெல்லாம் எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஓர் இரைச்சல் ஒலியை ஓடவிட்டு மூன்றையும் காதால் சமன் செய்துவிட்டுத்தான் பாட்டுக்கே போவேன். இதைச் செய்யாமல் கடையில் நின்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்காதீர்கள்.

முதல் ஆச்சரியம் சின்ன இயர்போனிடமிருந்து வந்தது. சினிமாப் பாட்டில் வருகிற சின்த் பேஸ், அடிவயிற்றில் அதிர்கிற அந்தக் கீழ்ச் சத்தம், மூன்றில் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளில்தான் அதிகம் கேட்டது. காரணம் எளிது. இயர்போன் காதின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது, உள்ளே சிறைப்பட்ட துளிக் காற்றைத் தள்ள, அதிர்ந்து ஒலியெழுப்புகிற டிரைவர் என்ற பாகம் சின்னதாக இருந்தாலே போதும். மற்ற இரண்டும் ஓபன் பேக், பின்பக்கம் வெறும் வலைதான், கீழ்ச் சத்தத்தின் காற்றழுத்தம் வெளியே கசிந்துவிடும். எச்டி 600-ல் அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துகொண்டே போவது அதை அளந்து பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எச்டி 800 எஸ்ஸும் பேஸில் மெலிந்ததுதான். நீங்கள் பெரும்பாலும் கேட்பது குத்துப் பாட்டும் எலக்ட்ரானிக் இசையும் என்றால், ஒன்றரை லட்சம் கொடுத்து உங்களுக்கு வேண்டியதைக் குறைத்து வாங்குவீர்கள்.

சரி, அப்படியென்றால் எச்டி 600 எதற்கு? குரலுக்கு. கர்நாடகக் கச்சேரிப் பதிவு ஒன்றில் பாடகர் கீழ் ஸ்தாயியில் இறங்கும்போது தொண்டையின் கரகரப்பு, சொல்லின் கடைசி எழுத்தை மூச்சோடு விடுவது, இதெல்லாம் எச்டி 600-ல் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல வருகிறது. சூ 2-ல் அதே குரல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மெல்லிய துணிக்குப் பின்னாலிருந்து வருகிறது. மிருதங்கத்தில் வலந்தலையின் கணீரென்ற ஓசையும் தொப்பியின் கும்மென்ற ஓசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் எச்டி 600-ல் தனித்தனியாகக் கேட்கும். நான் ஒரு வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் மிருதங்கத்தை மூன்றடி தூரத்தில் கேட்டிருக்கிறேன். அந்த நினைவுக்கு மிக அருகில் வந்தது இந்த முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன்தான், ஒன்றரை லட்சம் அல்ல.

இது 1997-ல் வந்த மாடல் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மதிப்புக் கூடுகிறது. பல வருடம் அயர்லாந்தின் டல்லமோர் ஆலையில் செய்தார்கள். கேபிளைக் கழற்றலாம், குஷனைக் கழற்றலாம், தலைமேல் வரும் பஞ்சைக் கழற்றலாம், எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. குஷன் அமுங்கிப்போனால் டிரைவர் காதுக்கு நெருங்கிவந்து சத்தமே மாறிவிடும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மாற்றியதும் பொருள் புதியதுபோல ஆகிவிடுகிறது. இதற்கு முன் நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு விலையுயர்ந்த புளூடூத் ஹெட்போன் மூன்றாவது வருடத்தில் முக்கால் மணி நேரம்கூடச் சார்ஜ் தாங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றச் சொன்ன தொகை, புதிதாக ஒன்று வாங்குவதற்குச் சமம். அன்றிலிருந்து "இதன் எந்தப் பாகம் முதலில் சாகும், அது தனியாகக் கிடைக்குமா" என்று கேட்காமல் எந்த ஹெட்போனுக்கும் நான் காசு கொடுப்பதில்லை.

இப்போது பெரியவருக்கு வருகிறேன். எச்டி 800 எஸ்ஸில் டிரைவர் 56 மில்லிமீட்டர், நடுவில் வட்டமாகக் காலியாக விட்ட வளையம் போன்ற சவ்வு. அது காதுக்கு நேராக ஒட்டிக்கொண்டு இல்லாமல், முன்னால் தள்ளி, சாய்வாக நிற்கிறது. கோப்பை அவ்வளவு பெரியது, காது எதையும் தொடாது. அதனால் சத்தம் நம் காது மடலில் பட்டு வளைந்து உள்ளே போகிறது, எதிரே இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல. எடை 330 கிராம், எச்டி 600-ஐவிட 70 கிராம் அதிகம், இருந்தும் இரண்டு மணி நேரம் போட்டால் இதுதான் சுகமாக இருக்கிறது. எச்டி 600 புதிதில் பக்கவாட்டில் இறுக்கும்.

ஆனால் முதல் ஐந்து நாள் எனக்கு ஏமாற்றம்தான். பழைய சினிமாப் பாட்டுகளில் டேப்பின் இரைச்சல் முன்னால் வந்து நின்றது, பாடகியின் "ச", "ஷ" எழுத்துகள் காதில் குத்தின. இந்த வரிசையின் முதல் மாடலான 2009-ன் எச்டி 800-ல் ஆறாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை உண்டு என்பார்கள், எஸ் மாடலில் அதை உறிஞ்ச உள்ளே ஓர் அமைப்பை வைத்துத் தணித்தார்கள். தணித்த பிறகும் இது இரக்கம் காட்டாத ஹெட்போன்தான். பதிவு மோசமென்றால் மோசத்தைக் காட்டும். என் பாட்டுத் தொகுப்பில் முக்கால்வாசி 70, 80-களின் பதிவுகள், இடது பக்கம் கிட்டார், வலது பக்கம் வயலின் கூட்டம், நடுவில் குரல் என்று பிரித்து வைத்தவை. அதில் திறந்து காட்ட வெளி எதுவும் இல்லை.

ஆறாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றது, எங்கள் தெருவில் எல்லா ஃபேனும் ஏசியும் நின்றன. போனில் ஒரு கச்சேரிப் பதிவு, சபா மேடையில் நேரடியாக எடுத்தது. தம்புரா ஓட ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தம்புரா பாடகருக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கம். வயலின் எவ்வளவு தூரம் என்பதைக் கையை நீட்டிக் காட்டலாம். மூன்றாவது நான்காவது வரிசையில் யாரோ இருமினார், அது முன்னாலிருந்து வராமல், கூடத்தின் ஓரத்திலிருந்து வந்தது. அதே பதிவை உடனே எச்டி 600-க்கு மாற்றினேன். பாட்டு அழகாகத்தான் இருந்தது, ஆனால் கூடம் என் தலைக்குள் சுருங்கிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது இசை நடந்த இடம். பதிவில் இடம் இருந்தால் கேட்கும்.

கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, அந்த இடமும் போய்விட்டது.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு ரிவ்யூக்களில் இது வராது. ஓபன் பேக் ஹெட்போன் வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். நம் ஊரில் வருடத்தில் பத்து மாதம் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. எச்டி 800 எஸ்ஸின் அந்த நுணுக்கங்கள் எல்லாம் இருக்கிற சத்தம் ஃபேன் சத்தத்துக்குக் கீழே. ஃபேனை நிறுத்தினால் இருபது நிமிடத்தில் குஷன் வியர்வையில் நனைகிறது. தவிர, நாம் கேட்கிற பாட்டு பக்கத்தில் தூங்குகிறவருக்கும் கேட்கும், என் மனைவி இரண்டு ராத்திரி பொறுத்துவிட்டு என்னை ஹாலுக்கு அனுப்பிவிட்டாள். சத்தமில்லாத ஒரு தனி அறை உங்களிடம் இல்லையென்றால், அந்த லட்சத்து இருபதாயிரத்துக்கு உங்கள் வீட்டில் வேலையே இல்லை.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றி 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்தார், இரண்டுக்கும் தொடர்பு ஏதும் தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு விலையுயர்ந்தது எல்லாம் ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது பார்த்தது பேஸ், குரல், ட்ரெபிள் எந்தெந்த அளவில் கலந்திருக்கிறது என்பதை. அந்தக் கலவை சரியாக இருக்கக் காசு தேவையில்லை என்பது உண்மை, சூ 2 அதற்குக் கண்கண்ட சாட்சி. காதுக்கு வெளியே விரிகிற அந்த இடம், இரண்டு மணி நேரம் வலிக்காத கோப்பை, உதிரிபாகம், இவற்றை அந்த ஆய்வு அளக்கவில்லை. கலவை பிடிக்கவில்லை என்றால் ஈக்வலைசரில் மாற்றிக்கொள்ளலாம், அது இலவசம். எச்டி 600-ல் அடி பேஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன், அதற்குமேல் ஏற்றினால் டிரைவர் திணறும்.

ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கித் தருகிற ஆம்ப்ளிஃபயர் பற்றிப் பலர் கேட்பார்கள். எச்டி 600, எச்டி 800 எஸ் இரண்டுக்கும் மின்தடை 300 ஓம், அதனால் பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது என்று ஒரு பயம் இருக்கிறது. ஒன்பது டாலருக்கு ஆப்பிள் விற்கிற, போனில் செருகுகிற சின்ன டாங்கிளில் இரண்டையும் ஓட்டினேன், எனக்கு வேண்டிய சத்தத்துக்கு மேலேயே வந்தது. என் மேசை ஆம்ப் இருபதாயிரம் ரூபாய். மல்டிமீட்டரில் இரண்டின் வோல்டேஜையும் சமன் செய்து, என் மச்சினனை எனக்குத் தெரியாமல் மாற்றச் சொன்னேன். எது எது என்று நான் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல்தான் சரி, காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பதிவின் தரத்துக்கும் இதே கதைதான். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் கேட்கக் கொடுத்தபோது, 554 முறையில் சரியாகச் சொன்னது 276. ஹைஃபிமேன் சுசுவாரா போலச் சில ஹெட்போன்கள் உண்மையிலேயே பலமான ஆம்ப் கேட்கும், அதை வாங்குகிறவர்கள் ஆம்ப் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மற்றவர்கள் அந்தக் காசை ஹெட்போனிலேயே போடுங்கள். கேபிளுக்குத் தனியாகப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

ஆக யார் எதை வாங்கலாம்? பஸ், ரயில், ஆபீஸ் என்று கேட்கிறவருக்குச் சூ 2 போதும், மனக்குறையே வராது. வீட்டில் உட்கார்ந்து குரலுக்காகக் கேட்கிறவர் எச்டி 600-க்குக் காசு சேர்க்கலாம், நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் குஷனை மட்டும் மாற்றிக்கொண்டு தைரியமாக வாங்கலாம். எச்டி 800 எஸ்ஸை நான் சிபாரிசு செய்வது நேரடிக் கச்சேரி, ஆர்க்கெஸ்ட்ரா, நல்ல அரங்கில் எடுத்த பதிவுகள், இவற்றையே பாதிக்கு மேல் கேட்டு, அமைதியான அறையும் வைத்திருக்கிறவருக்கு. அவர்கூட வாங்குமுன் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்கிக் கேட்கட்டும். என் முதல் ஐந்து நாளும் ஆறாம் நாளும் ஒன்றல்ல.

நண்பர் திரும்பி வந்ததும் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் ஃபேன் சத்தம் கேட்காத அறை இருக்கிறது, வெஸ்டர்ன் கிளாசிக்கல்தான் கேட்பார், அவரிடம் இருப்பதுதான் சரி. அந்தக் கச்சேரிப் பதிவை மட்டும் கேட்க மார்கழியில் ஒரு ராத்திரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.