பழைய 300 எம்எம் நிக்கோரா, புது ஆட்டோஃபோகஸ் ஜூமா?

பறவைப் படம் எடுக்க ஆசை, ஆனால் பெரிய டெலி லென்ஸ் வாங்க வசதி இல்லை என்றால் இன்றைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேமரா கம்பெனிகள் ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று கொண்டுவந்த சின்ன ஆட்டோஃபோகஸ் ஜூம். கேனன் 55-250, நிக்கான் ஏஎஃப்-பி 70-300, சோனி 55-210 எல்லாம் இந்த ரகம்தான். இன்னொன்று, ஃபிலிம் காலத்து மேனுவல் ஃபோகஸ் 300 எம்எம் ஒன்றைத் தேடிப் பிடித்து அடாப்டர் வழியாக மாட்டிக்கொள்வது. நான் முதல் ரகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன். இப்போது கையில் இருப்பது நிக்கான் கம்பெனியின் பழைய நிக்கோர் 300 எம்எம் எஃப்/4.5 ஈடி-ஐஎஃப், மாட்டியிருப்பது சோனி ஏ6500 என்ற மிரர்லெஸ் (எஸ்எல்ஆர் மாதிரி உள்ளே ஆடி இல்லாத) கேமராவில். ஆகவே இது நடுநிலையான அலசல் எல்லாம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புது ஜூம் எங்கே ஜெயிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் முடித்துவிடலாம். தானாக ஃபோகஸ் செய்யும். பெரும்பாலானவற்றில் கை நடுக்கத்தை லென்ஸே சமாளிக்கும். கேனன் 55-250 எஸ்டிஎம் 375 கிராம், என் நிக்கோர் ஒரு கிலோவுக்குப் பக்கம். ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட எடுக்கலாம்; என்னுடையது இரண்டரை மீட்டருக்குள் வந்தால் ஒன்றும் தெரியாது. பறக்கிற பறவைதான் வேண்டும், செம்பருந்து தண்ணீரில் இறங்கி மீனைத் தூக்குகிற அந்த நொடிதான் வேண்டும் என்பவர்கள் பேசாமல் ஆட்டோஃபோகஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மேனுவலில் அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் நாம் எடுக்கிற பறவைப் படங்களில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கிற பறவைதானே. வேடந்தாங்கலில் மரத்து மேல் கூடு கட்டி உட்கார்ந்திருக்கிற கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் எங்கேயும் ஓடப் போவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரம் நிற்கிற மடையான் மீன் வருகிறவரை சிலை மாதிரி நிற்கும். பஞ்சுருட்டான் இன்னும் வசதி. கிளையிலிருந்து கிளம்பி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பி வரும். கிளையில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும், ஆட்டோஃபோகஸ் பின்னால் இருக்கிற இலைக்குத் தாவிவிடுகிற தொல்லையே கிடையாது.

ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது, ஃபோகஸ் ஆன ஓரங்களைத் திரையில் காட்டுகிற இந்தச் சிவப்பு, மஞ்சள் கோடுகளைத்தான். 50 எம்எம்மில் அது சரி. 300 எம்எம்மில், எஃப்/4.5-இல், பத்து மீட்டர் தூரத்துப் பறவைக்கு ஏபிஎஸ்-சி (ஏ6500-இல் இருக்கிற அளவு) சென்சாரில் கூர்மையாக விழுகிற ஆழமே ஏறக்குறைய 20 செ.மீ.தான், ஐந்து மீட்டருக்கு வந்தால் 5 செ.மீ. பீக்கிங் அலகிலிருந்து வால் வரை எல்லாவற்றையும் சிவப்பாக்கிக் காட்டும், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கண் மங்கலாக இருக்கும். பெரிதாக்கிக் காட்டுகிற மேக்னிஃபை வசதியை ஒரு பட்டனில் போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்துத் திருப்புவதுதான் வழி. அப்புறம், கேமரா பாடியில் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் இருந்தால் குவிய தூரத்தை 300 என்று மெனுவில் நாமேதான் போட வேண்டும். லென்ஸ் எதையும் கேமராவுக்குச் சொல்லாது. முன்னால் மாட்டியிருந்த 50 எம்எம்முக்கான எண் அப்படியே கிடந்தால் உதவி சரியாகக் கிடைக்காது. பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாத ஏ6000 மாதிரி கேமரா என்றால் மோனோபாட் (ஒற்றைக் கால் ஸ்டாண்ட்) கட்டாயம், ஷட்டர் 1/500-க்குக் கீழே போக வேண்டாம்.

இந்த நிக்கோரில் எனக்குப் பிடித்தது அந்த ஐஎஃப்தான், அதாவது ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் நீளாது, உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தொகுதி மட்டும் நகரும். அதனால் வளையம் ஒற்றை விரலுக்குச் சுழலும். அதே காலத்து ஈடி (நிறச் சிதறலைக் குறைக்கிற கண்ணாடி) இல்லாத 300/4.5-ஐயும் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், முழுக் குழாயையும் திருகித் தள்ள வேண்டும், பறவை கிளை மாறினால் நம் மணிக்கட்டு அதன் பின்னாலேயே ஓடும். இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் விளம்பரத்தில் குழம்பிவிடுவார்கள். ஈடி லென்ஸில் குழாயைச் சுற்றி மெல்லிய தங்க நிறப் பட்டை இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். படத்திலும் வித்தியாசம் தெரியும். வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு, பின்னால் கருப்புத் தண்ணீர் என்றால், ஈடி இல்லாததில் கொக்கின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு ஓடும். ஈடியில் அது சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணை உறுத்தாது. இந்த ஈடி லென்ஸில் இன்னொரு விஷயம், வளையம் முடிவிலிக் குறியையும் தாண்டிச் சுழலும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள், வெப்பத்தில் குவியம் நகரும் என்பதால் கம்பெனியே விட்ட இடைவெளி அது. நம்மூர் வெயிலில் குறியை நம்பி நிறுத்தாமல் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும்.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடலாம், எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். ஜூம்கள் நீளமான முனையில் எஃப்/5.6, எஃப்/6.3 என்று போய் நிற்கும். 6.3-க்கும் 4.5-க்கும் முழுதாக ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200 வைக்க வேண்டிய இடத்தில் 1600 போதும்.

பழையதிலேயே வேறு போட்டியாளர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கேனனின் பழைய எஃப்டி 300 எஃப்/4 எல் நல்ல லென்ஸ். நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கொஞ்சம்தான் எடுத்தேன், அந்த அளவில் படத் தரத்தில் நிக்கோருக்குக் குறைவில்லை, கொஞ்சம் மேலே என்றுகூடத் தோன்றியது. சிக்கல் மவுண்டில், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டுகிற வாயில். எஃப்டி மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 42 எம்எம், 1987-இல் வந்த ஈஎஃப் மவுண்டில் அது 44 எம்எம். அந்த இரண்டு எம்எம்மால், கேனனுடைய லென்ஸைக் கேனனுடைய டிஜிட்டல் எஸ்எல்ஆரிலேயே மாட்டித் தூரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும், அது படத்தைக் கெடுக்கும். மிரர்லெஸ்ஸில் மட்டும்தான் அதற்கு வாழ்வு. நிக்கானின் எஃப் மவுண்டு 46.5 எம்எம், 1959-இலிருந்து அதே அளவு. மிரர்லெஸ் எல்லாவற்றிலும் வரும், கேனன் எஸ்எல்ஆரிலும் அடாப்டரோடு வரும், நிக்கான் டி200, டி7000 போன்றவற்றில் நேரடியாகவே உட்கார்ந்து வெளிச்சம் அளக்கிற மீட்டரும் வேலை செய்யும் (டி3000, டி5000 வரிசைகளிலும் டி7500-இலும் மீட்டர் கிடையாது, கவனம்).

சோவியத் டாயிர்-3 இருக்கிறதே, துப்பாக்கிக் கட்டையோடு வரும் ஃபோட்டோஸ்னைப்பர் லென்ஸ், அதைப் பார்த்து ஆசைப்படாத லென்ஸ் பிரியர் இல்லை. கனம் அதிகம், ஈடி கண்ணாடி இல்லை, போதாக்குறைக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு பறவைகள் சரணாலயத்துக்குள் நுழைந்தால் வனக்காவலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உள்ளே ஆடி வைத்த 500 எம்எம் மிரர் லென்ஸ் மலிவு, சின்னது, ஆனால் எஃப்/8-லேயே நின்றுவிடும், பின்னணியில் வெளிச்சப் புள்ளியெல்லாம் வளையலாக விழும். எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். அது படத் தரமும் இல்லை, விலையும் இல்லை. பராமரிப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், ஃபங்கஸ்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு வந்துவிடும், சென்னையில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தூசி, எண்ணெய்ப் பசையைத் தின்றுகொண்டு நூல் நூலாகப் படரும். விட்டால் அதிலிருந்து வருகிற அமிலம் மேல்பூச்சை அரித்துவிடும், அதற்கப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. பழைய லென்ஸ், புது லென்ஸ் என்று அது பார்ப்பதில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் பத்து, பதினைந்து வருடம் வைத்திருக்கிற லென்ஸில் ஒரு தடவையாவது வரும் என்று வைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் போடுகிறேன். வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மேனுவல் லென்ஸ் என்பது உலோகக் குழாய், திருகு, கண்ணாடி, கிரீஸ், அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. கண்ணாடிகளைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் மரை போட்ட வளையங்கள், அவற்றில் எதிரெதிராக இரண்டு காடி வெட்டியிருக்கும். என் லென்ஸைப் பிரித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபிலிம் காலத்திலிருந்து இதே வேலை செய்கிற பெரியவர் அவர். இரண்டு முனை உள்ள ஸ்பேனரை அந்தக் காடிகளில் வைத்து மெல்ல அழுத்தித் திருப்பினார், ஒரு சின்ன ‘கிறீச்’ சத்தத்தோடு வளையம் இளகியது. கண்ணாடியை எடுப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, குழாயில் ஒரு கோடு. திரும்ப வைக்கும்போது அதே இடத்தில் உட்கார வேண்டுமாம். துடைத்து, பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதுசு தடவி, மாலைக்குள் கொடுத்துவிட்டார். “தம்பி, பெட்டியில பூட்டி வைக்காதீங்க, வெளியில எடுத்து வெயில் காட்டுங்க” என்பதோடு சரி.

புது ஜூமைக் கொண்டுபோனால் கதை வேறு. உள்ளே மோட்டார், ஸ்டெபிலைசேஷனுக்கென்று மிதக்கிற கண்ணாடி, காகிதம் மாதிரி மெலிந்த கேபிள்கள், பிளாஸ்டிக் அச்சில் பசை வைத்து ஒட்டிய தொகுதிகள். தெருமுனை மெக்கானிக் தொட யோசிப்பார், தொட்டால் மறுபடி எல்லாவற்றையும் நேராக உட்கார வைப்பது பெரும்பாடு. சர்வீஸ் சென்டரில் கண்ணாடியைத் துடைத்துத் தருவதைவிட முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வதுதான் வழக்கம். என்னிடம் முன்பு இருந்த ஜூமுக்கு அவர்கள் சொன்ன தொகையில் இன்னொரு செகண்ட் ஹேண்ட் ஜூமே வாங்கிவிடலாம் போலிருந்தது, அப்படியே திரும்பி வந்துவிட்டேன். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் அந்தச் செலவு நியாயம். ஆரம்பநிலை ஜூமுக்கு எப்படிப் பார்த்தாலும் கட்டாது.

மோட்டார் விஷயம் இன்னும் மோசம். இந்தக் காலத்து கேனன் எஸ்டிஎம், நிக்கான் ஏஎஃப்-பி லென்ஸ்களில் நாம் சுற்றுகிற வளையம் நேராகக் கண்ணாடியை நகர்த்துவதில்லை, மோட்டாருக்குச் சொல்கிறது, மோட்டார்தான் நகர்த்துகிறது. மோட்டார் போனால் மேனுவல் ஃபோகஸும் சேர்ந்து போய்விடும். வேடிக்கை ஒன்று சொல்கிறேன், 2005-இல் வந்த நிக்கான் டி200-இல் 1970களின் கடைசியில் வந்த என் லென்ஸ் வகை மீட்டரோடு வேலை செய்யும், ஆனால் 2016-இல் வந்த ஏஎஃப்-பி 70-300-ஐ மாட்டினால் வளையத்தைச் சுற்றினாலும் ஃபோகஸ் நகராது.

இதற்காகப் பழையதைப் பராமரிக்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற டிரை கேபினெட் வாங்க முடிந்தால் 45 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், சிலிகா ஜெல். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிற ரகத்தில் கோபால்ட் இருக்கும், சமையல் வாணலியில் போட்டு வீட்டில் அடி வாங்காதீர்கள். லென்ஸ் வந்தபோது இருந்த தோல் உறையில் வைக்கவே கூடாது, ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். மெக்கானிக் விஷயத்திலும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், சின்ன ஊர்களில் ஆள் கிடைப்பது சிரமம். அந்த நிலை உங்களுக்கு என்றால் நான் சொல்கிற சாதகத்தில் பாதி போய்விடும்.

விற்பனை மதிப்பைப் பற்றி அதிகம் இல்லை. பழைய லென்ஸ் இறங்க வேண்டிய விலையெல்லாம் இறங்கி முடித்துவிட்டது, சுத்தமாக இருந்தால் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போகும். ஜூம் கடையை விட்டு வெளியே வந்ததுமே இறங்க ஆரம்பிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மட்டும் சுங்க வரியையும் கூரியரையும் சேர்த்து யோசியுங்கள், அந்தக் காசு விற்கும்போது திரும்பி வராது.

வாங்கப் போகும்போது மொபைல் டார்ச் போதும். அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துளை) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி முழுக்க மங்கல் என்றால் ஹேஸ். ஓரத்தில் லேசான நூல் ஒன்றிரண்டு என்றால் விலையைக் குறைத்து வாங்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம். நடுவில் படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். விளம்பரத்தில் ‘எக்ஸலன்ட்’ பக்கத்தில் எத்தனை பிளஸ் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணாமல், கீழே ஹேஸ் பற்றி எழுதியிருக்கிற வரியைப் படியுங்கள். பின்னால் இருக்கிற அபர்ச்சர் நெம்புகோலைத் தள்ளி விட்டால் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, மிரர்லெஸ்ஸில் அது பெரிய குறை இல்லை, பேரம் பேச உதவும். பெயின்ட் உரிந்திருப்பது, முன்னால் இழுக்கிற ஹூட் லொடலொடப்பது எல்லாம் கணக்கிலேயே வேண்டாம். அடாப்டரில் மட்டும் ரொம்பக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஒரு கிலோ லென்ஸ் அதில் தொங்கப் போகிறது. ஸ்டாண்டில் வைக்கும்போதும் கேமராவைத் திருகாமல் லென்ஸின் காலரைத் திருகுங்கள்.