பாடம் நன்று, கட்டணத்தில் நேர்மை போதாது

வேளச்சேரியில் உள்ள ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் என் மகள் மூன்று மாதங்கள் மென்பொருள் சோதனைப் பயிற்சி பெற்றாள். சேரும்போது மொத்தக் கட்டணம் 25,000 ரூபாய் என்று கூறி, இரண்டு தவணைகளில் பெற்றுக்கொண்டு, ரசீதும் கொடுத்தார்கள். பாடம் நடத்திய ஆசிரியர், ஒரே சந்தேகத்தை மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்கியவர் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

ஆனால் கடைசி வாரத்தில், ஜிஎஸ்டி 4,500 ரூபாயும் சான்றிதழுக்கு 3,000 ரூபாயும் கட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இத்தகைய தனியார் பயிற்சிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பது உண்மையே. ஆயினும் எங்கள் ரசீதில் "மொத்தக் கட்டணமும் பெறப்பட்டது" என்று நீல மையில் எழுதி முத்திரையும் இட்டிருந்தார்கள், வரி வசூலிக்கும் நிறுவனத்துக்கு இருக்க வேண்டிய 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணோ அதில் எங்குமே இல்லை. அந்த எண்ணுடன் முறையான வரி ரசீது தருமாறு எழுத்துமூலம் கேட்டேன். நான்கு நாட்கள் பதில் இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து, புகார் எண்ணை மேலாளருக்கு அனுப்பினேன்; மறுநாளே கூடுதல் பணம் ஏதுமின்றிச் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் வரவில்லை, அதுதான் மனத்தை உறுத்துகிறது.

இங்கே சேர விரும்புவோர், வரியும் சான்றிதழும் கட்டணத்தில் அடக்கம் என்று எழுதி வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள்.