வொண்டர் பெட்ஸா, பேக்யார்டிகன்ஸா?

தங்கச்சி பையனுக்கு இந்த இரண்டு குழந்தைகள் கார்ட்டூன் தொடர்களில் எதைப் போடலாம் என்றால், என் ஓட்டு வொண்டர் பெட்ஸுக்குத்தான். 2006-இல் வந்தது, கினி பன்றி, ஆமை, வாத்துக்குஞ்சு மூன்றும் வகுப்பறையில் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களைச் சேர்த்துப் பறக்கும் படகு கட்டி, எங்கேயோ மாட்டிக்கொண்ட விலங்கைப் பாடிக்கொண்டே காப்பாற்றப் போகும். அதைப் பார்த்துவிட்டு இவன் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் பழைய மீன் பெட்டிக்கு நாலு சோடா மூடி ஒட்டி, காசிமேட்டு போட் மாதிரி டீசல் இன்ஜின் சத்தத்தையும் வாயாலேயே போட்டான்.

பேக்யார்டிகன்ஸ் 2004-இல் தொடங்கியது. ஐந்து நண்பர்கள், கொல்லைப்புறமே கடலாக, பாலைவனமாக மாறும், எபிசோடுக்கு ஒரு இசை வகை. பாட்டிலும் நடனத்திலும் இதுதான் மேல், சரி. ஆனால் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் உட்கார்ந்து பார்த்தவன் கேட்டது: "மாமா, கொல்லைன்னா இன்னா?"